மடிப்புக்காரர் கடை வாசனை

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் வேறு. தெருவில் யாருக்கும் அது தெரியாது, தெரிந்துகொள்ள யாரும் மெனக்கெட்டதும் இல்லை. டிரை கிளீனிங் கடை வாசலில் அவர் நிற்பதைப் பார்த்தாலே போதும், பெயர் தானாக வந்துவிடும். கால்சட்டையின் மடிப்பு இடுப்பிலிருந்து பாதம்வரை ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி இறங்கும். உட்கார்ந்தால் அது கலைந்துவிடும் என்று நாள் முழுக்க நின்றுகொண்டே இருப்பார். அதனால் மடிப்புக்காரர்.

இஸ்திரி போடுகிறவர்களுக்கு இரட்டை மடிப்பு என்றால் மானப் பிரச்சினை. பழைய கோட்டுக்குப் பக்கத்திலேயே இன்னொரு கோடு விழுந்துவிட்டால் கால்சட்டை ரயில் தண்டவாளம் மாதிரி ஆகிவிடும். தன் கையால் அப்படி ஒன்று விழுந்ததே இல்லை என்று மடிப்புக்காரர் சொல்லிக்கொள்வார். சும்மா சொல்லக் கூடாது, அது உண்மைதான்.

கடையின் பின்பக்கத்தில் மூன்று பீரோவை ஒட்டவைத்த அளவுக்கு ஓர் இயந்திரம் இருந்தது. துணியை உள்ளே போட்டுக் கதவை மூடினால், தண்ணீருக்குப் பதிலாக ஒரு மருந்து சுற்றிச்சுற்றி வந்து எண்ணெய்க் கறை, மை, வியர்வை எல்லாவற்றையும் கரைத்துவிடும். பீப்பாயின் மேல் அந்த மருந்துக்கு நாக்குச் சுளுக்கிக்கொள்ளும் நீளத்தில் ஒரு பெயர் எழுதியிருக்கும். கடையில் அது வெறும் மருந்துதான். துணி முழுக்க உலர்ந்த பிறகுதான் கதவைத் திறக்க வேண்டும் என்று இயந்திரத்திலேயே எழுதியிருந்தது. ஆனால் கூட்டமான நாளில் யாருக்குப் பொறுமை? கண்ணாடி வழியாகப் பார்த்து, 'போதும், காஞ்சாச்சு' என்று தானே தீர்ப்புச் சொல்லிவிட்டு, கதவைக் கொஞ்சம் முன்னாலேயே திறப்பார். குபுக்கென்று ஓர் ஆவி முகத்தில் அடிக்கும். அதற்கு அவர் கண்ணை மட்டும் மூடிக்கொள்வார்.

அந்த ஆவிக்கு ஒரு வாசனை உண்டு. கொஞ்சம் இனிப்பு, கொஞ்சம் காரம், புதுக் கார் கதவைத் திறந்தால் வருமே, ஏறக்குறைய அந்த மாதிரி. வாடிக்கையாளர்களுக்கு அதுதான் சுத்தம். துணி வாங்க வருகிறவர்கள் கறை போயிருக்கிறதா என்று பார்க்கும் முன்னால் பிளாஸ்டிக் உறையைத் தூக்கிக் காலரில் மூக்கை வைப்பார்கள். மூக்கு சம்மதித்தால்தான் கை பர்ஸுக்குப் போகும். மடிப்புக்காரருக்கோ அந்த வாசனை தெரிவதே நின்றுபோய் வருஷக்கணக்காகிவிட்டது. நம் வீட்டுச் சுவர் நிறம் நம் கண்ணில் படுகிறதா என்ன?

கடையின் முன்பக்கம் அவர் மனைவியின் ராஜ்யம். கவுண்டர், அதன் பின்னால் ஒரு குட்டை ஸ்டூல், ஸ்டூலுக்கு நேர் பின்னால் தயாரான துணிகள் தொங்கும் நீளக் கம்பி. துணி வாங்குவது, அதில் எண் சீட்டைக் கட்டுவது, ஒவ்வொருவரிடமும் நாலு வார்த்தை பேசி அனுப்புவது எல்லாம் மனைவிதான். எந்தக் கோட்டு யாருடையது என்று சீட்டைப் பார்க்காமலே எடுத்துக் கொடுப்பார். வாய் ஓயாது, முகம் சுளிக்காது. ஆனால் சாயங்காலம் ஆனால் ஆள் மாறிவிடுவார். நெற்றியின் இரண்டு பக்கமும் விரலால் அழுத்திக்கொண்டு, கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்வார். கடை ஷட்டரை இறக்கும் நேரத்துக்குத் தலையில் ஒரு துணியை இறுக்கிக் கட்டியிருப்பார்.

மடிப்புக்காரர் அதற்கு 'ஷட்டர் தலைவலி' என்று பெயர் வைத்திருந்தார். "எங்க வீட்டம்மாவுக்கு ஷட்டர் பாதி இறங்கும்போது தலைவலி ஆரம்பிச்சு, முழுசா இறங்கும்போது உச்சிக்குப் போயிடும். வீட்டுக்குப் போனா சமையல் இருக்குல்ல!" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். அவர்களும் சிரிப்பார்கள். மனைவியும் கொஞ்சம் சிரிப்பார். பிள்ளைகள் இருவரும் வேலை கிடைத்து வெளியூர் போகும்வரை அந்த நகைச்சுவையைக் கேட்டே வளர்ந்தார்கள். ஒரே நகைச்சுவையை இத்தனை வருஷம் சலிக்காமல் சொல்ல ஒரு மனிதனுக்கு எவ்வளவு தடித்த தோல் வேண்டும் என்று நினைத்துப் பாருங்கள்.

சட்டம் முதலில் செய்தித்தாளின் மூலையில் வந்தது. பிறகு நோட்டீஸாக வந்தது. அந்த மருந்தை இனி டிரை கிளீனிங் கடைகளில் பயன்படுத்தக் கூடாது, வாங்கக் கூடாது, வைத்திருக்கவும் கூடாது, சாக்கடையில் ஊற்றவே கூடாது. பழைய இயந்திரத்துக்கு முத்திரை. தண்ணீரும் ஒரு தனிச் சோப்பும் வைத்துத் துவைக்கும் புது இயந்திரம் வாங்க அரசாங்கம் ஒரு பங்கு தரும்.

கடைக்காரர்கள் கூட்டம் போட்டுக் கத்தினார்கள். மடிப்புக்காரர் எழுந்து பேசினார். "எலிக்குக் குடுத்துப் பார்த்தாங்களாம், எலிக்கு வியாதி வந்துச்சாம். எலியா வந்து என் கடையில கோட்டு துவைக்குது? நான் இருக்கேன் பாருங்க, கல்லு மாதிரி!" என்று மார்பைத் தட்டிக் காட்டினார். பலத்த கைதட்டல். அவர் தன்னை மட்டும் காட்டினார். கடையில் இன்னொரு ஆளும் உண்டு என்பது அந்தக் கூட்டத்தில் யாருக்கும் தோன்றவில்லை.

சட்டத்தோடு கூடவே ஆய்வாளரும் வந்தார். சின்ன உருவம், தோளில் கனத்த பை, தேவைக்கு மேல் ஒரு சொல் பேசாத பெண். தெருவுக்கு அவர் 'கெமிக்கல் மேடம்'. டீ சொல்லட்டுமா என்று கேட்டதற்கு, "வேலை நேரத்துல எதுவும் வாங்கிக்கறதில்ல" என்று சொல்லிவிட்டுப் பையிலிருந்து டார்ச் லைட் மாதிரி ஒரு கருவியை எடுத்தார். இயந்திரத்தின் பக்கம் நீட்டினார், கதவின் அடியில் நீட்டினார். பிறகு முன்பக்கம் வந்து, குட்டை ஸ்டூலில் உட்கார்ந்து, துணிக் கம்பியின் கீழே அதைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இங்க யார் உட்கார்றது?"

"நம்ம சம்சாரம்தான் மேடம்."

"இந்த ஆவி காத்தை விட கனம். தரையோரமா வந்து தங்கும். துணியில மிச்சமிருக்கறதும் இறங்கிக்கிட்டே இருக்கும். உங்க மூக்கு பழகிடுச்சு, அதனால தெரியாது." பிறகு மனைவியின் பக்கம் திரும்பினார். "அம்மா, உங்களுக்குத் தலைவலி, தலைசுத்தல் ஏதாவது உண்டா?"

மனைவி வாயைத் திறந்தார்.

"உண்டு மேடம், ஷட்டர் தலைவலி!" என்று மடிப்புக்காரர் முந்திக்கொண்டார். "வீட்டு வேலைய நினைச்சாலே வந்துடும். அதுக்கெல்லாம் கருவியில முள்ளு நகராது."

ஆய்வாளர் சிரிக்கவில்லை. மனைவியைப் பார்த்துக்கொண்டே கொஞ்சம் காத்திருந்தார். திறந்த வாய் மூடிக்கொண்டது. "பெருசா ஒண்ணுமில்லம்மா" என்று சொல்லிவிட்டு, மனைவி ஒரு சீட்டை எடுத்து மடித்தார்.

குறித்த நாளில் ஆட்கள் வந்து பழைய இயந்திரத்துக்கு முத்திரை வைத்தார்கள். பீப்பாய்களை வண்டியில் ஏற்றினார்கள். மிச்சம் எதுவும் இல்லை என்று மடிப்புக்காரர் கையெழுத்துப் போட்டார். அப்படிப் போடும்போது, இஸ்திரி மேஜைக்கு அடியில் பழைய திரைச்சீலைகளின் பின்னால் ஒரு கேன் நிறைய மருந்து இருந்தது. விற்கவோ துவைக்கவோ அல்ல. எதுக்கும் இருக்கட்டும், அவ்வளவுதான். உடைந்த குடையையும் ஒற்றைச் செருப்பையும் நாம் எல்லோரும் எதற்காக வைத்திருக்கிறோமோ அதே காரணம். வாழ்நாளில் பாதியை ஒரு பொருளோடு கழித்தவனுக்கு அதைச் சொட்டு விடாமல் தூக்கிக் கொடுக்க மனசு வரவில்லை.

புது இயந்திரம் வந்தது. அதே மாதத்தில் மனைவி கண்ணாடியும் மாற்றினார். பழையதன் ஒரு கால் உடைந்து நூல் சுற்றியிருந்தது. தெருமுனைக் கண்ணாடிக்கடைக்காரர் பரிசோதித்துப் புதிதாகச் செய்து கொடுத்தார்.

கொஞ்ச நாளில் அதிசயம் நடந்தது. ஷட்டர் இறங்கியும் தலைவலி வரவில்லை. முதல் நாள் மனைவி நம்பவில்லை, கைப்பழக்கத்தில் துணியை எடுத்துக் கட்டிக்கொண்டே வீட்டுக்குப் போனார். பிறகு துணி கவுண்டர் அடியிலேயே கிடந்தது. சாயங்காலங்களில் பேச ஆரம்பித்தார். வீட்டுக்குப் போய்ப் பத்திரிகை படித்தார். ஒரு நாள் சமைத்துக்கொண்டே பாடினார். மடிப்புக்காரர் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு யார் பாடுவது என்று எட்டிப் பார்த்தார்.

"எல்லாம் இந்தக் கண்ணாடி செஞ்ச வேலைங்க" என்றார் மனைவி. "இத்தனை வருஷமா பவர் தப்பாவே போட்டுத் தலையக் கெடுத்துக்கிட்டேன். அந்த மனுஷன் கை ராசியான கை." கோட்டு வாங்க வந்தவர்களையெல்லாம் கண்ணாடிக்கடைக்கு அனுப்பினார். கண்ணில் ஒரு குறையும் இல்லாத தபால்காரர்கூட அவர் தொல்லை தாங்காமல் போய்ப் பரிசோதித்துக்கொண்டு வந்தார்.

கடையில்தான் காற்று மாறியது. புது இயந்திரம் கறையைப் பழையதைவிட நன்றாகவே எடுத்தது. வெள்ளை இன்னும் வெள்ளையாக வந்தது. ஆனால் வாசனை இல்லை. முதலில் வக்கீல்தான் ஆரம்பித்தார். அவர் பழைய வாடிக்கை. கருப்பு கவுனை வாங்கி, வழக்கம்போல் காலரில் மூக்கை வைத்தார். எடுத்தார். மறுபடியும் வைத்தார். சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்கிற முகம் வந்தது.

"துவைச்சீங்களா?"

"என்ன சார் இப்படிக் கேட்டுட்டீங்க? பாருங்க, காலர் எப்படி இருக்கு!"

"பார்க்க நல்லாத்தான் இருக்கு. ஆனா டிரை கிளீன் பண்ணின வாசனையே இல்லையே. தண்ணில முக்கி எடுக்கறதுக்கு என் வீட்லயே ஆள் இருக்கே?"

அதன் பிறகு ஒவ்வொருவராக உதட்டைப் பிதுக்க ஆரம்பித்தார்கள். சிலர் சொன்னார்கள், சிலர் சொல்லாமல் நின்றுவிட்டார்கள். துணிக் கம்பியில் காலி இடம் தெரிந்தது. மடிப்புக்காரர் கறைக்கு முன், கறைக்குப் பின் என்று படம் எடுத்து ஒட்டிப் பார்த்தார். மூக்கோடு வழக்காடி யார் ஜெயித்திருக்கிறார்கள்? பூ வாசனைச் சோப்பு போட்டுப் பார்த்தார். "குளிச்சுட்டு வந்த மாதிரி இருக்கு, துவைச்ச மாதிரி இல்ல" என்றார் ஓர் அம்மாள். கையில் இருந்த தொழில் கண்முன்னால் நழுவியது. அப்போதுதான் எதுக்கும் இருக்கட்டும் என்று வைத்த கேன் நினைவுக்கு வந்தது.

ஒரு நாள் காலையில் மனைவி வருவதற்கு முன்னால் கேனைத் திறந்தார். ஒரு துண்டுத் துணியை நனைத்துப் பிழிந்து, துணிக் கம்பியின் நடுவில், இரண்டு பெரிய கோட்டுகளுக்கு இடையில் ஹேங்கரில் மாட்டினார். உறைகளின் அடிப்பக்கத்தைத் திறந்துவிட்டார். துவைப்பதற்கு அல்லவே, வெறும் வாசனைக்குத்தானே, சட்டம் துவைப்பதைத்தானே தடுத்தது என்று தனக்குத் தானே வாதாடி, தானே தீர்ப்பும் எழுதிக்கொண்டார். இவ்வளவு புத்தியை ஒரு தவறுக்குச் செலவழிக்க இந்தத் தொழிலில் ஊறியவரால்தான் முடியும். வேறு யாருக்கு விஷத்தை எடுத்துச் சுத்தத்துக்குச் சாட்சியாக மாட்டத் தோன்றும்?

மனைவி உள்ளே வந்ததும் மூச்சை இழுத்தார். மடிப்புக்காரர் இஸ்திரிப் பெட்டியை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"இப்பத்தாங்க நம்ம கடை மாதிரி இருக்கு" என்றார் மனைவி. "பழைய கோட்டு ஏதாவது வந்திருக்கா?"

"ம்... அதுல ஊறிப்போனதா இருக்கும்" என்றார் அவர், வார்த்தையை மென்று விழுங்கி. சில நாளில் இருவர் மூக்குக்கும் அது மறுபடி மறைந்துபோனது.

வக்கீல் அடுத்த முறை காலரில் மூக்கை வைத்துவிட்டுக் கண்ணை மூடினார். "இது! இதைத்தான்யா சொன்னேன்!" கடை பழையபடி நிறைந்தது. மடிப்புக்காரர் தினமும் காலையில் துணியை நனைத்து மாட்டினார். அந்த உற்சாகத்தில், மனைவி சாயங்காலம் பேசுவது குறைந்ததை அவர் கவனிக்கவில்லை. கவுண்டர் அடியில் கிடந்த துணி மறுபடி தலைக்கு ஏறியதைக் கவனித்தார். கவனித்து, "ஷட்டர் வந்தாச்சா?" என்றும் கேட்டார்.

"கண்ணாடி சரியில்ல" என்றார் மனைவி. "அந்த ஆளு ஏமாத்திட்டான். முதல்ல நல்லதா காட்டிட்டு அப்புறம் கெட்டுப்போற மாதிரி ஏதோ செஞ்சிருக்கான்."

கண்ணாடி எப்படி அழுகும் என்று மடிப்புக்காரர் கேட்கவில்லை. வலியில் இருக்கிறவரிடம் வாதாடக் கூடாது என்ற அளவுக்கு விவரம் தெரிந்தவர். துணைக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

கண்ணாடிக்கடைக்காரர் மெல்லிய குரல்காரர், குனிந்தே பேசுவார். மனைவி கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்த சத்தத்தில் அங்கே காத்திருந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

"உங்களை எத்தனை பேர்கிட்ட தூக்கி வைச்சுப் பேசியிருக்கேன் தெரியுமா? எத்தனை பேரை அனுப்பினேன்? எனக்கே இப்படி ஓட்டைக் கண்ணாடி குடுத்திருக்கீங்களே, உங்களுக்கே நல்லா இருக்கா?"

அவர் கோபப்படவில்லை. உட்காரவைத்து மறுபடி பரிசோதித்தார். எழுத்துகளைப் படிக்கச் சொன்னார். கண்ணாடியை ஒரு கருவிக்குள் வைத்துப் பார்த்தார். பிறகு துடைத்து, இரண்டு கையாலும் நீட்டினார்.

"அம்மா, கண்ணும் சரியா இருக்கு, கண்ணாடியும் சரியா இருக்கு. வலி எப்ப வருது?"

"சாயங்காலம். மத்தியானமே லேசா ஆரம்பிக்கும்."

"தினமுமா?"

"தினமும்தான். லீவு அன்னைக்கு மட்டும் இருக்காது. அன்னைக்குத்தான் வீடு முழுக்கப் பெருக்கித் துடைச்சு, துணி துவைச்சு, ஒரு வாரச் சமையலுக்கு வேண்டியதெல்லாம் செஞ்சு வைப்பேன். அன்னைக்கு ஒண்ணும் பண்ணாது."

"லீவு அன்னைக்கு இந்தக் கண்ணாடி போடுவீங்களா?"

"போடாம? இது இல்லாம எனக்குக் கண்ணே தெரியாதே."

"அப்ப கண்ணாடி இல்லம்மா காரணம். வேற ஏதோ" என்று சொல்லிவிட்டு, அவர் அடுத்தவரைக் கூப்பிட்டார்.

மனைவி இன்னும் முணுமுணுத்துக்கொண்டே படி இறங்கினார். மடிப்புக்காரர் பின்னால் வந்தார். அவர் காதில் ஒரே ஒரு விஷயம்தான் சுற்றியது. வீட்டு வேலை அதிகமான நாளில் தலைவலி இல்லை. வருஷக்கணக்காக ஊரைச் சிரிக்க வைத்த அவருடைய நகைச்சுவை நேர் தலைகீழாக இருந்தது. வீட்டு வேலையால் வரவே இல்லை அது. கடையில் வந்தது. பழைய இயந்திரம் போனதும் போனது. துணித்துண்டு வந்ததும் வந்தது. ஸ்டூலுக்கு நேர் பின்னால், அவள் தலைக்குப் பக்கத்தில், தன் கையால், தினமும் காலையில்.

தெருவில் நடக்கும்போதே அவருக்கு அழுகை வந்தது. தும்மல் மாதிரி நடித்து மறைத்தார்.

கடைக்குள் நுழைந்ததும் கோட்டுகளுக்கு நடுவில் கையை விட்டு, துண்டை உருவி, ஒரு பிளாஸ்டிக் பையில் திணித்தார். திரும்பினால் மனைவி நின்றுகொண்டிருந்தார்.

"என்னங்க அது?"

பொய் சொல்லலாம், அவருக்கு வரும். ஆனால் அந்த நிமிஷத்தில் வாய் வரவில்லை. கேன் வைத்ததிலிருந்து துண்டு மாட்டியதுவரை சொன்னார். ஆரம்பத்தில் கோர்வையாகச் சொன்னார், முடிவில் குளறினார்.

மனைவி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது ஏற்கனவே சுத்தமாகத்தான் இருந்தது. "அவ்வளவு பேர் முன்னாடி அந்த மனுஷனைத் திட்டிட்டு வந்திருக்கேன்" என்றார் முதலில். பிறகு, "கேன் எங்க?" என்றார்.

மடிப்புக்காரர் அதை வெளியே எடுத்து வைத்தார். பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது.

"பின்னாடி சாக்கடையில ஊத்திடறேன். யாருக்கும் தெரியாது. நாளையிலிருந்து புதுசா..."

"அந்த நோட்டீஸ்லயே போட்டிருந்துச்சுல்ல, ஊத்தினா மண்ணுக்குள்ள இறங்கிக் குடிக்கிற தண்ணிக்கே போயிடும்னு. என் தலைக்குள்ள ஊத்தினது பத்தாதா? இன்னும் யார் தலையில ஊத்தப் போறீங்க?"

அவர் கேனின் மூடியை இறுக்கினார். ஆய்வாளரிடம் கொடுத்தால் பொய்க் கையெழுத்து வெளியே வரும். கடையை மூடச் சொல்லலாம். ஒரேயடியாக மூடச் சொன்னால் இந்த வயதில் வேறு என்ன தெரியும் அவருக்கு?

"நீயே ஃபோன் பண்ணிச் சொல்லேன். நீ சொன்னா அவங்க கொஞ்சம்..."

"எனக்குப் பதிலா அன்னைக்கு நீங்க பேசினீங்க" என்றார் மனைவி. குரல் உயரவில்லை. "உங்களுக்குப் பதிலா நான் பேச மாட்டேன். நீங்களே சொல்லுங்க."

அவர் ஃபோனை எடுத்தார். ஆய்வாளரின் எண்ணைப் போட்டார்.

ஆய்வாளர் மறுநாள் காலையில் இரண்டு ஆட்களோடு வந்தார். ஆட்கள் கையுறை போட்டுக் கேனையும் துண்டையும் தனித்தனி டப்பாவில் அடைத்து எடுத்துப் போனார்கள். ஆய்வாளர் திட்டவில்லை. திட்டியிருந்தால் மடிப்புக்காரருக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

"ஒளிச்சு வைச்சதை எழுதத்தான் போறேன் ஐயா. நீங்களே கூப்பிட்டுச் சொன்னதையும் எழுதுவேன். அபராதம் உண்டு. காத்து சுத்தமாச்சுன்னு நான் சொல்ற வரைக்கும் கடை திறக்கக் கூடாது. இங்க தொங்கற துணியெல்லாம் மறுபடி துவைச்சுத்தான் குடுக்கணும். அதுக்கு மேல என்னங்கறது மேலிடத்து முடிவு."

"சரிங்க மேடம்."

ஆய்வாளர் இப்போது மனைவியின் பக்கம் திரும்பினார். முதல் முறை கேட்ட அதே குரலில், அதே சொற்களில் கேட்டார். "அம்மா, உங்களுக்குத் தலைவலி, தலைசுத்தல் ஏதாவது உண்டா?"

மனைவி கணவரின் முகத்தைப் பார்த்தார். பழக்கம். அவர் முந்திக்கொள்வாரோ என்று ஒரு பார்வை. மடிப்புக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டு பல்லைக் கடித்தபடி நின்றார்.

"உண்டும்மா" என்றார் மனைவி. "இந்தக் கடைக்கு வந்த வருஷத்திலிருந்து உண்டு. மத்தியானத்துக்கு மேல யாராவது பேசினா தூரத்துல பேசற மாதிரி கேட்கும். சில நாள் பஸ்ல ஏறினா இறங்கற இடம் தெரியாது, அடுத்தவங்க இறங்கறதைப் பார்த்து இறங்குவேன். ஒரு தடவை கடைச் சாவி கையில இருக்கு, அது எதுக்குன்னு தெரியல. சாவியப் பார்த்துக்கிட்டே நின்னேன். பைத்தியம் பிடிச்சிடுச்சோன்னு பயந்தேன். பிள்ளைங்க அப்ப சின்னதுங்க. எனக்கு ஏதாவது ஆயிட்டா அதுங்க என்ன பண்ணும்னு நினைச்சு அழுதுட்டு, முகத்தக் கழுவிட்டுப் போயிப் பூட்டினேன்."

"யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"இல்லம்மா."

"ஏன், வீட்டுக்காரர்கிட்ட?"

மனைவி கொஞ்சம் யோசித்தார். குற்றம் சாட்டுகிற குரல் இல்லை அது. விலாசம் கேட்டவருக்கு வழி சொல்கிற மாதிரிதான் சொன்னார்.

"சொன்னா சிரிப்பார்."

ஆய்வாளர் அதை எழுதினாரா என்று மடிப்புக்காரர் பார்க்கவில்லை. அவர் குட்டை ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். மடிப்பு கலையும் என்பது அன்றைக்கு அவருக்கு நினைவில்லை.

கடை சில வாரம் மூடிக் கிடந்தது. அபராதம் வந்தது, கட்டினார்கள். மனைவியை மருத்துவரிடம் அழைத்துப் போனார், காத்திருக்கும் அறையில் பக்கத்து ஆளிடம் ஷட்டர் கதையை எடுக்கவில்லை. மனைவி கண்ணாடிக்கடைக்குப் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தார். மேலிடம் ஒரு எச்சரிக்கையோடு விட்டது. ஆய்வாளர் கருவியோடு வந்து பார்த்துவிட்டு, திறக்கலாம் என்றார்.

திறந்த முதல் வாரத்திலேயே வக்கீல் வந்தார். கவுனை வாங்கினார், உறையைத் தூக்கினார், காலரில் மூக்கை வைத்தார். முகம் சுருங்கியது.

"என்னம்மா, மறுபடியும் வாசனை இல்லையே?"

பின்பக்கத்தில் மடிப்புக்காரர் ஒரு கால்சட்டையை மேஜையில் விரித்துக்கொண்டிருந்தார். காது முன்பக்கத்தில் இருந்தது. இந்த வாடிக்கையும் போகுமோ என்று அவருக்குக் கவலைதான். வாய்வரை ஒரு பதில் வந்தது, விழுங்கிக்கொண்டார்.

"இருக்காது சார்" என்றார் மனைவி. "அந்த வாசனை இத்தனை வருஷமா என் தலைக்குள்ள இருந்துச்சு. உங்களுக்கு வேணும்னா சொல்லுங்க, மறுபடி போட்டுத் தர்றோம். ஆனா நீங்களே இந்த ஸ்டூல்ல வந்து உட்கார்ந்துக்கணும்."

வக்கீல் அந்த ஸ்டூலைப் பார்த்தார். பிறகு பணத்தைக் கொடுத்துவிட்டு, கவுனைக் கையில் மடித்துப் போட்டுக்கொண்டு படி இறங்கினார். மறுபடி வருவாரா என்று சொல்ல முடியாது.

மடிப்புக்காரர் குனிந்து பார்த்தார். கால்சட்டையில் பழைய கோட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு கோடு விழுந்திருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, தண்ணீர் தெளித்து, முதலிலிருந்து தேய்க்க ஆரம்பித்தார்.